தடை செய்யப்பட்ட மூலமும் தடையில்லாத ரீமேக்கும்: வன்முறைத் திகில் படங்களை ஒப்பிட ஓர் அறிமுகம்

1974ஆம் ஆண்டு பிரிட்டனின் திரைப்படத் தணிக்கை வாரியம், வெஸ் கிரேவன் 1972இல் இயக்கிய 'தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்' என்ற அமெரிக்கப் படத்துக்குச் சான்றிதழ் தர மறுத்தது. 2000ஆம் ஆண்டில் மீண்டும் மறுத்தது. 2002இல் 31 விநாடிகளை வெட்டிய பிறகே வீடியோவில் வெளியிட அனுமதி கிடைத்தது. ஒரு வெட்டும் விழாத முழுப் படம் அந்நாட்டில் சட்டப்படி வெளிவர 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, அதே கதையை அதே பெயரில் பல மடங்கு செலவில் மறுபடி எடுத்த படம் திரையரங்குகளுக்கு வந்தது. புதிய படத்தில் காயங்கள் பழையதைவிடத் தெளிவாகத் தெரிகின்றன. சாவுகள் நீளமாகவும் நுணுக்கமாகவும் காட்டப்படுகின்றன. ஆனாலும் மூலத்தைச் சூழ்ந்த கூச்சலில் சிறு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை.

இந்த முரணுக்கு எளிதாகத் தோன்றும் விடை, முப்பத்தைந்து ஆண்டுகளில் பார்வையாளர்களின் தோல் தடித்துவிட்டது என்பதாகும். அதில் உண்மை உண்டு. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால், இன்று முதன்முறையாகப் பார்க்கும் ஒருவரைக்கூட 1972இன் படம் ஏன் அதிகமாகக் கலக்குகிறது என்பதற்கு விளக்கம் கிடைக்காது. படம் எவ்வளவு ரத்தத்தைக் காட்டுகிறது என்பதைவிட, அந்த ரத்தத்தின் முன் பார்வையாளரை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதே கலக்கத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. மூலத்தையும் ரீமேக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த இடமாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் ரீமேக் என்ற சொல்லைச் சற்றுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பார்வையாளருக்கு ரீமேக் என்றால் தெலுங்கிலோ மலையாளத்திலோ இந்தியிலோ வென்ற படத்தை ஓரிரு ஆண்டுகளுக்குள் தமிழில் எடுப்பதுதான் நினைவுக்கு வரும். அங்கே மாறுவது மொழியும் ஊரும் நடிகர்களும். இங்கே பேசப்படும் அமெரிக்கத் திகில் ரீமேக்குகளில் பெரும்பாலும் மொழியும் நாடும் மாறுவதில்லை. மாறுவது காலமும் பணமும். 1970களில் சில நண்பர்கள் கடன் வாங்கி, அறிமுகமில்லாத முகங்களை வைத்து எடுத்த படத்தை, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு நிறுவனம் தேர்ந்த தொழில்நுட்பக் குழுவைக் கொண்டு மறுபடி எடுக்கிறது. விற்பனைக்கு உதவுவது மூலத்தின் பெயர். அந்தப் பெயர் பரவியதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் மீது விழுந்த தடை. தடைதான் விளம்பரம் என்பதைத் தயாரிப்பாளர்கள் நன்றாகவே அறிவார்கள்.

தடை எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. அமெரிக்கப் படத்துறை 1968இல் பழைய ஒழுக்க விதித் தொகுப்பைக் கைவிட்டு, வயதுக்கேற்ற தரப்பிரிவு முறைக்கு மாறியது. அதுவரை திரையில் வரவே முடியாதவை அதன்பின் வயது வந்தோருக்கு மட்டும் என்ற அடையாளத்தோடு வர முடிந்தது. இங்கே பேசப்படும் 1970களின் அமெரிக்கப் படங்கள் அந்தத் திறந்த கதவின் வழியே நுழைந்தவை. பிரிட்டனில் கதை வேறு. 1980களின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டுகள் வீடுகளுக்குள் நுழைந்தபோது, அவற்றுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை என்று சட்டம் எதுவும் இல்லை. திரையரங்கில் மறுக்கப்பட்ட படங்களும் தெருமுனைக் கடையில் வாடகைக்குக் கிடைத்தன. பத்திரிகைகள் அவற்றை 'வீடியோ நாஸ்டி' என்று அழைத்து இயக்கமே நடத்தின. 1959ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரத்தக்கவை என்று அரசு வழக்குத் துறைத் தலைவரின் அலுவலகம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. பல்வேறு காலங்களில் அதில் இடம்பெற்ற படங்கள் 72. அவற்றுள் 39 படங்கள் மீதான வழக்குகள் வென்றன. பிறகு 1984இல் வீடியோ பதிவுகள் சட்டம் வந்து, ஒவ்வொரு கேசட்டும் சான்றிதழ் பெற வேண்டும் என்றாக்கியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்தச் சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்க அன்றைய அரசு மறந்துவிட்டது 2009இல்தான் தெரியவந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக நடைமுறையில் இருந்த சட்டத்தை 2010இல் மறுபடி இயற்ற வேண்டியதாயிற்று. பழைய சட்டத்துக்கே ஒரு ரீமேக் தேவைப்பட்டிருக்கிறது.

இனி படங்களுக்கு வருவோம். ஒப்பீட்டைத் தொடங்க 'தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்' மிகவும் ஏற்றது. ஏனெனில் அந்த மூலமே ஒரு மறுஆக்கம். இடைக்கால ஸ்வீடனில் பாடப்பட்ட ஒரு கதைப்பாடல், இங்மர் பெர்க்மன் 1960இல் இயக்கிய 'தி விர்ஜின் ஸ்பிரிங்' என்ற படமாயிற்று. தேவாலயத்துக்கு மெழுகுவர்த்தி கொண்டு செல்லும் பெண்ணை ஆடு மேய்ப்பவர்கள் வழிமறித்துச் சிதைத்துக் கொல்கிறார்கள். அன்றிரவு அறியாமல் அவள் வீட்டிலேயே தங்க இடம் கேட்கிறார்கள். உண்மை அறிந்த தந்தை அவர்களைக் கொல்கிறார். சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற படம் இது. கல்லூரி ஆசிரியராக இருந்து படத்துறைக்கு வந்த கிரேவன், இதே கதையை வியட்நாம் போர்க்கால அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். இசை நிகழ்ச்சிக்குப் போன இரு பெண்களை, சிறையிலிருந்து தப்பிய குழு ஒன்று கடத்துகிறது. ஏறத்தாழ 90,000 டாலரில் எடுக்கப்பட்ட படத்தைத் தயாரித்தவர் ஷான் கன்னிங்ஹாம். கிரேவனும் கன்னிங்ஹாமும்தான் 2009இன் ரீமேக்கையும் தயாரித்தார்கள். இயக்கியவர் கிரேக்க நாட்டைச் சேர்ந்த டென்னிஸ் இலியாடிஸ். ஆகவே மூலத்தை அறியாதவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல இங்கே வழியில்லை.

இந்த மூன்று படங்களையும் ஒப்பிட ஒரே ஒரு பாத்திரத்தைப் பின்தொடர்ந்தால் போதும். குற்றவாளிகளோடு இருக்கும் சிறுவன்தான் அந்தப் பாத்திரம். பெர்க்மனின் படத்தில் அவன் குற்றத்தில் பங்கேற்காதவன். பார்த்ததைத் தாங்க முடியாமல் உணவைக்கூட விழுங்க இயலாமல் தவிப்பவன். பழிவாங்கும் தந்தை அவனையும் தூக்கி எறிந்து கொன்றுவிடுகிறார். அந்தக் கணத்தில் தந்தையின் நியாயம் உடைகிறது. அவர் கடவுளிடம் முறையிட்டு, மகள் இறந்த இடத்தில் தேவாலயம் கட்டுவதாக வாக்களிக்க வேண்டியிருக்கிறது. கிரேவனின் படத்தில் அவன் ஜூனியர். போதைக்கு அடிமையாக்கித் தந்தையே ஆட்டிவைக்கும் மகன். கடைசியில் தந்தையை நோக்கித் துப்பாக்கி நீட்டுகிறான். உன் தலையிலேயே சுட்டுக்கொள் என்று தந்தை கத்த, அப்படியே செய்துகொள்கிறான். 2009இன் படத்தில் அவன் ஜஸ்டின். அவன் தன் தந்தைக்கு எதிராகத் திரும்பி, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு உதவுகிறான். உயிர் பிழைத்து அந்தக் குடும்பத்தோடு படகில் ஏறுகிறான். கொல்லப்பட்டவன், தற்கொலைக்குத் தள்ளப்பட்டவன், காப்பாற்றப்பட்டவன் என்று ஒரே பாத்திரம் அரை நூற்றாண்டில் அடைந்த மாற்றத்தில் திகில் படங்களின் போக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது.

மகளின் நிலையும் அப்படித்தான். 1972இல் மாரி என்ற அந்தப் பெண் ஏரிக்குள் நடந்துபோகும்போது சுட்டுக் கொல்லப்படுகிறாள். 2009இல் அவள் நீச்சல் வீராங்கனை. சுடப்பட்ட பிறகும் நீந்திக் கரையேறி வீட்டு வாசல்வரை ஊர்ந்து வருகிறாள். மருத்துவரான தந்தை வீட்டிலேயே அவளுக்குச் சிகிச்சை அளிக்கிறார். திரைக்கதை என்ற அளவில் இது திறமையான மாற்றம். ஆனால் அதன் விளைவைக் கவனிக்க வேண்டும். மகள் உயிரோடு இருப்பதால் பெற்றோர் செய்யும் ஒவ்வொரு கொலையும் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதற்கான தற்காப்பு ஆகிவிடுகிறது. மூலத்தில் அவர்களுக்குக் காப்பாற்ற எதுவும் மிஞ்சவில்லை. பண்பட்ட ஒரு மருத்துவரும் அவருடைய மனைவியும் வெறும் வெறியால் கொல்கிறார்கள். ஷெரீஃப் ஓடிவரும்போது ரத்தம் படிந்த கோலத்தில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. பெர்க்மனின் படத்தில் உடலை எடுத்த இடத்தில் நீரூற்றுப் பொங்கியது. கிரேவன் அந்த ஊற்றையும் எடுத்துவிட்டார்.

தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைக் கூறுகிறது. இந்தப் படங்கள் மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. அதே நூல் இளிவரலையும், அதாவது இழிவுணர்வையும், பெருமிதத்தையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக, அதாவது வெளிப்படும் உணர்ச்சிகளாக, வைக்கிறது. பெருமிதம் தோன்றும் இடங்களில் ஒன்று தறுகண், அதாவது அஞ்சாமை. மூலப்படம் அச்சத்தில் தொடங்கி இளிவரலில் முடிகிறது. நமக்கு நம்மீதே வருகிற இளிவரல் அது. ரீமேக் அச்சத்தில் தொடங்கிப் பெருமிதத்தில் முடிகிறது. இரண்டுக்கும் கதை ஒன்றுதான்.

ரீமேக்கின் இறுதிக் காட்சி இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. குடும்பம் படகில் புறப்பட்டுவிட்டது, கதை முடிந்துவிட்டது. அதன்பின் தனியாக ஒட்டுப்போட்டது போல ஒரு காட்சி வருகிறது. குற்றவாளியை உடல் அசையாதபடி செய்து, அவன் தலையை மைக்ரோவேவ் அடுப்பில் வைத்து வெடிக்கச் செய்கிறார் தந்தை. அதுவரை தற்காப்பு என்று கட்டியெழுப்பிய நியாயத்தைப் படமே உடைக்கிறது. ஆனால் அப்படி உடைத்ததற்காக அது வெட்கப்படுவதாகத் தெரியவில்லை. கைதட்டலை எதிர்பார்த்தே அந்தக் காட்சி வைக்கப்பட்டிருக்கிறது.

மூலத்தை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. அதில் இரண்டு கோமாளிப் போலீஸ்காரர்கள் வருகிறார்கள். கோழி ஏற்றிச் செல்லும் வண்டியில் இடம் கேட்டு அவர்கள் படும் பாடு, பெண்கள் சித்திரவதைப்படும் காட்சிகளுக்கு நடுவே செருகப்பட்டிருக்கிறது. முக்கியக் குற்றவாளியாக நடித்த டேவிட் ஹெஸ் எழுதிப் பாடிய துள்ளலான பாடல்கள் கடத்தல் காட்சியின் பின்னணியில் ஒலிக்கின்றன. இவை திட்டமிட்ட முரணா, அனுபவமின்மையா என்று இன்றும் வாதிடலாம். பாதிக்குப் பாதி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் படத்தின் மிகச் சிறந்த கணமும் அதே கைகளிலிருந்துதான் வந்தது. வன்முறை முடிந்த பிறகு குற்றவாளிகள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல், கையில் ஒட்டிய புல்லையும் ரத்தத்தையும் தட்டிவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். என்ன செய்தோம் என்ற அருவருப்பு அவர்களுக்கே வருகிறது. கொலையாளியை மனிதன் என்று நினைவூட்டும் அந்தச் சில விநாடிகளைத் தணிக்கை அதிகாரி எந்தப் பிரிவில் சேர்ப்பார்? ரீமேக்கின் குற்றவாளிகளுக்கு அத்தகைய தடுமாற்றம் இல்லை. அவர்கள் தெளிவான தீயவர்கள். ஆகவே அவர்களைக் கொல்வது பார்வையாளருக்கு எளிது.

அமெரிக்க விமர்சகர் ராஜர் ஈபர்ட் மூலத்துக்கு நான்குக்கு மூன்றரை நட்சத்திரமும் ரீமேக்குக்கு இரண்டரை நட்சத்திரமும் அளித்தார். வன்முறைத் திகில் படங்கள் பலவற்றைக் கடுமையாகச் சாடியவர் அவர். ரத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரால் இப்படி மதிப்பிட்டிருக்க முடியாது.

அடுத்த எடுத்துக்காட்டு, ஒளிப்பதிவையும் ஒலியையும் எப்படி ஒப்பிடுவது என்பதைக் கற்றுக்கொடுக்கும். டோப் ஹூப்பர் இயக்கிய 'தி டெக்சாஸ் செயின் சா மாஸக்கர்' 1974இல் வந்தது. தலைப்பைக் கேட்டதும் மனத்தில் எழும் ரத்த வெள்ளம் படத்தில் இல்லை. ஒரு பெண்ணை இறைச்சிக் கொக்கியில் மாட்டும் புகழ்பெற்ற காட்சியில் கொக்கி உடலில் இறங்குவது காட்டப்படவே இல்லை. அவள் தூக்கப்படுவதும், முகமும், கீழே வைத்த தொட்டியும் மட்டும் தெரிகின்றன. மீதியைப் பார்ப்பவர் மனமே நிரப்பிக்கொள்கிறது. ரத்தத்தைக் குறைத்தால் குழந்தைகளும் பெற்றோர் துணையுடன் பார்க்கத்தக்க தரப்பிரிவு கிடைக்கும் என்று ஹூப்பர் நம்பினார் என்பது இன்று நகைப்பாகத் தோன்றலாம். ஆனால் அவர் கணக்கு காட்சிகளின் அளவில் சரிதான். பிரிட்டிஷ் வாரியம் 1975இல் படத்தை மறுத்தபோது ஒரு சிக்கலை எதிர்கொண்டது. வெட்டி எடுக்கக் குறிப்பிட்ட காட்சிகள் அதிகம் இல்லை. அச்சம் படம் முழுவதும் பரவியிருந்தது. வெட்ட முடியாததால்தான் அதை மொத்தமாக நிறுத்திவைத்தார்கள். 1999இல்தான் அது வெட்டின்றி அனுமதி பெற்றது.

அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது? 16 எம்எம் படச்சுருளின் பொரிபொரியான ஒளி, டெக்சாஸ் கோடையின் உண்மையான வெப்பம், அழுகும் இறைச்சியும் எலும்பும் நிறைந்த அறையில் ஒரு நாளுக்கும் மேல் இடைவிடாமல் படமாக்கப்பட்ட விருந்துக் காட்சி, அதில் நடிகர்களின் முகத்தில் தெரியும் நடிப்பல்லாத களைப்பு ஆகிய எல்லாம் சேர்ந்து வருகிறது. முதல் கொலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். ஓர் இளைஞன் வீட்டுக்குள் நுழைகிறான். முகமூடி அணிந்தவன் தோன்றிச் சம்மட்டியால் அடிக்கிறான். உடலை உள்ளே இழுத்து உலோகக் கதவைச் சாத்துகிறான். எச்சரிக்கை இல்லை, விளக்கம் இல்லை. கசாப்புக் கூடத்தில் மாட்டுக்கு நேர்வதே அவனுக்கும் நேர்கிறது. இயந்திரம் வந்ததால் கசாப்புக் கூடத்தில் வேலை போனது பற்றி அந்தக் குடும்பத்தில் ஒருவன் முன்பே புலம்பியிருக்கிறான் என்பதை நினைவில் வைத்தால், படத்தின் அடியில் ஓடும் பொருளாதாரக் கசப்பும் பிடிபடும். பெட்ரோல் நிலையத்தில் பெட்ரோல் இல்லை என்ற சிறு விவரத்தையும் எண்ணெய் நெருக்கடி நிலவிய அந்தக் காலத்துப் பார்வையாளர்கள் தவறவிட்டிருக்க மாட்டார்கள்.

2003இன் ரீமேக்கை மார்கஸ் நிஸ்பெல் இயக்கினார். மைக்கேல் பேயின் பிளாட்டினம் டியூன்ஸ் நிறுவனம் தயாரித்தது. சுமார் 95 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதன்பின் வந்த ரீமேக் அலைக்கு இந்தக் கணக்கே பெரிய காரணம். இங்கே ஒப்பிடுபவருக்குக் கிடைக்கும் அரிய வாய்ப்பு, இரண்டு படங்களுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே என்பது. டேனியல் பேர்ல் 1974இல் இளைஞராகப் பணியாற்றிய படத்தை, இசைக் காணொளிகளிலும் விளம்பரங்களிலும் தேர்ந்த பிறகு மறுபடி ஒளிப்பதிவு செய்தார். அதே கண், வேறு நோக்கம். புதிய படத்தில் கதிர்கள் இலைகளுக்கிடையே அழகாக விழுகின்றன. அழுக்குகூடத் திட்டமிட்டுப் பூசியது போலப் பளபளக்கிறது. படத்தின் தொடக்கத்தில் ஒரு பெண் வேனுக்குள் தன்னைத்தானே சுட்டுக்கொண்டதும், கேமரா அவள் தலையிலுள்ள துளை வழியாகவும் பின்கண்ணாடியின் ஓட்டை வழியாகவும் வெளியேறுகிறது. மிகக் கடினமான படப்பிடிப்புதான். ஆனால் அந்தக் கணத்தில் நாம் அந்தப் பெண்ணை நினைப்பதில்லை, இதை எப்படி எடுத்தார்கள் என்று நினைக்கிறோம். இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள தொலைவை அந்த ஒரு ஷாட்டிலேயே அளந்துவிடலாம்.

கொக்கிக் காட்சியும் புதிய படத்தில் உண்டு. இம்முறை மாட்டப்படுபவனின் கால் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது, காயத்தில் உப்பு வைத்துக் கட்டப்படுகிறது, எல்லாம் தெரிகிறது. முகமூடிக்காரனுக்குத் தாமஸ் ஹியூவிட் என்ற பெயரும், தோல் நோயும், முகமூடிக்குப் பின்னால் ஒரு முகமும் கிடைக்கின்றன. ரீமேக்குகளின் பொதுப் பழக்கம் இது. காரணம் சொல்லாமல் விட்ட இடங்களையெல்லாம் நிரப்பிவிடுவது. மூலத்தில் அவன் ஏன் அப்படி இருக்கிறான் என்ற கேள்விக்கு இடமே இல்லை. இல்லாததால்தான் அவன் அத்தனை பயங்கரமாக இருக்கிறான்.

மேற்கண்ட இரண்டைவிடவும் கடினமானது 'ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்'. 1978இல் மெயர் ஜார்ச்சி எடுத்த இந்தப் படத்தில், நாவல் எழுத ஊர்ப்புறத்துக்கு வந்த பெண் ஒருத்தி நான்கு ஆண்களால் மீண்டும் மீண்டும் சிதைக்கப்படுகிறாள். பிறகு ஒவ்வொருவரையும் கொல்கிறாள். ஈபர்ட் இதற்கு ஒரு நட்சத்திரமும் தரவில்லை. எழுத்திலும் தொலைக்காட்சியிலும் கடுமையாகச் சாடினார். ஜார்ச்சியோ, நியூயார்க்கில் தாம் நேரில் உதவிய ஒரு பெண்ணை முதலில் மருத்துவமனைக்கு அனுப்பாமல் போலீஸ் கேள்விகளால் துளைத்ததைக் கண்ட கோபத்தில்தான் இதை எடுத்ததாகக் கூறிவந்தார். படத்தில் பின்னணி இசை கிடையாது. வன்முறைக் காட்சிகள் சகிக்க முடியாத அளவுக்கு நீளமானவை. இவற்றால் அது பெண்ணின் பக்கம் நிற்கும் படமா, பெண்ணின் துயரத்தை விற்கும் படமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. கரோல் குளோவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992இல் வெளியிட்ட நூலில் இந்த வகைப் படங்களை விரிவாக ஆராய்ந்து, ஆண் பார்வையாளர்கள்கூட இவற்றில் பாதிக்கப்பட்ட பெண்ணோடு தம்மை இணைத்துக்கொள்கிறார்கள் என்று வாதிட்டார்.

ஸ்டீவன் மன்ரோ இயக்கிய 2010இன் ரீமேக் மீதும் விமர்சனங்கள் வந்தன. ஆனால் ஒப்பிடுபவர் பார்க்க வேண்டியது ஒரே ஒரு இடைவெளியைத்தான். மூலத்தில் தாக்குதலுக்குப் பிறகு நாம் அவளோடு இருக்கிறோம். கிழிந்த கையெழுத்துப் பிரதியை ஒட்டவைக்கிறாள். செய்யப்போவதற்குத் தேவாலயத்தில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். ரீமேக்கில் அவள் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்ததும் திரையிலிருந்தே மறைந்துவிடுகிறாள். நீண்ட நேரம் அவளைத் தேடும் ஆண்களின் பதற்றத்தை மட்டும் பார்க்கிறோம். திரும்பி வரும்போது அவள் ஏறத்தாழ ஓர் ஆவியாக, நுணுக்கமான பொறிகளை அமைக்கத் தெரிந்தவளாக வருகிறாள். அவர்கள் அவளுக்குச் செய்தவற்றையே அவர்களுக்குத் திருப்பிச் செய்கிறாள். அந்தப் பொறிகளில் 'சா', 'ஹாஸ்டல்' போன்ற 2000களின் சித்திரவதைப் படங்களின் செல்வாக்குத் தெரிகிறது. நடிப்பும் தொழில்நுட்பமும் மேம்பட்டுள்ளன என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு பெண்ணின் கதை என்று சொல்லிக்கொள்ளும் படம், அவள் உடைந்து மீண்டும் எழும் பகுதியைத்தான் தேவையற்றதென்று விட்டிருக்கிறது. சர்ச்சைக்குரிய மூலத்தின் ஒரே வலுவான தற்காப்பு அந்தப் பகுதிதான்.

'தி ஈவில் டெட்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாம் ரைமியின் 1981ஆம் ஆண்டுப் படம் பிரிட்டனில் வழக்குகளைச் சந்தித்தது. 2001இல்தான் அங்கே வெட்டின்றி வந்தது. ஃபெடே ஆல்வரெஸ் இயக்கிய 2013இன் ரீமேக்கில் வானத்திலிருந்தே ரத்தம் பொழிகிறது. பெரிய சர்ச்சை எதுவும் இல்லை. பேய் பிடித்த கதையில் வன்முறைக்குப் பொறுப்பேற்க மனிதர் யாரும் இல்லை என்பதால், காலம் கடந்ததும் அது வெறும் கேளிக்கையாகிவிடுகிறது.

எல்லா ரீமேக்குகளும் மழுங்கியவை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கிரேவனின் 1977ஆம் ஆண்டுப் படமான 'தி ஹில்ஸ் ஹேவ் ஐஸ்' கதையைப் பிரெஞ்சு இயக்குநர் அலெக்சாண்டர் ஆஜா 2006இல் மறுபடி எடுத்தார். பாலைவனத்தில் சிக்கிய குடும்பத்தைத் தாக்கும் மனிதர்கள், இம்முறை அமெரிக்க அரசின் அணுகுண்டுச் சோதனைகளால் உருக்குலைந்தவர்கள். இங்கேயும் விளக்கம் சேர்க்கப்படுகிறது. ஆனால் அந்த விளக்கம் அச்சத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் குற்றத்தின் ஒரு பகுதியைப் பார்வையாளரின் நாட்டின் மீதே சுமத்துகிறது. சாதுவான மருமகன் ஒரு சிறிய அமெரிக்கக் கொடியின் தண்டையே ஆயுதமாக்கும் காட்சி நுட்பமானதல்ல. இருந்தாலும் ரீமேக் எடுப்பதற்கு ஒரு காரணம் இருந்தது என்பதை அது காட்டுகிறது.

ஒப்பீட்டின் எல்லையைச் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்கு மிகேல் ஹனேகேயின் 'ஃபன்னி கேம்ஸ்' உண்டு. ஆஸ்திரியாவில் 1997இல் எடுத்த படத்தை, 2007இல் நவோமி வாட்ஸ், டிம் ராத் ஆகியோரைக் கொண்டு ஆங்கிலத்தில், ஏறத்தாழ ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் அவரே மறுபடி எடுத்தார். வெள்ளைக் கையுறை அணிந்த இரண்டு இளைஞர்கள் ஒரு குடும்பத்தின் விடுமுறை இல்லத்துக்குள் நுழைந்து அவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள். கொலைகள் பெரும்பாலும் திரைக்கு வெளியே நிகழ்கின்றன; நாம் பார்ப்பது எஞ்சியவர்களின் முகங்களை. ஒருமுறை மட்டும் அந்தத் தாய் துப்பாக்கியைப் பறித்து ஒருவனைச் சுடுகிறாள். அந்தச் சாவு மட்டும் திரையில் தெளிவாகத் தெரிகிறது. பார்ப்பவர் நிம்மதியடையும் அதே நொடியில் மற்றவன் ரிமோட்டை எடுத்துப் படத்தையே பின்னோக்கி ஓட்டி, சுடப்பட்டதை இல்லாமல் ஆக்கிவிடுகிறான். மற்ற ரீமேக்குகள் வாரி வழங்கும் பழிவாங்கும் மகிழ்ச்சியைக் கையில் கொடுத்து உடனே பறிக்கிறார் ஹனேகே. வன்முறையைக் கேளிக்கையாக நுகரும் அமெரிக்கப் பார்வையாளர்களை நோக்கியே முதல் படத்தையும் எடுத்ததாகச் சொல்லிவந்த அவருக்கு, ஆங்கில ரீமேக் என்பது அதே கடிதத்தைச் சரியான முகவரிக்கு மறுபடி அனுப்புவது. அமெரிக்கத் திரையரங்குகளில் அது ஈட்டிய தொகை ஏறத்தாழ 13 லட்சம் டாலர் மட்டுமே.

தொடங்க விரும்புவோர் மூலத்தை முதலில் பார்ப்பதே நல்லது. ரீமேக்கை முதலில் பார்த்தால், அதன் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு மூலம் தளர்ந்ததாகவும் மலிவானதாகவும் தெரியும். டெக்சாஸ் படங்கள் இரண்டும் முதல் ஒப்பீட்டுக்குப் பொருத்தமானவை. அவற்றில் பாலியல் வன்முறையை நேரடியாகக் காட்டும் காட்சிகள் இல்லை. 'தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்', 'ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்' ஆகியவற்றின் மூலப் படங்களிலும் ரீமேக்குகளிலும் அத்தகைய காட்சிகள் உண்டு. அவை வயது வந்தோருக்கு மட்டுமானவை, அவர்களிலும் பலருக்குத் தாங்க முடியாதவை. பார்க்காமலே விட்டுவிடுவதும் நியாயமான முடிவுதான். பார்ப்பவர்கள், இரண்டாவது படம் முடிந்ததும் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணாமல், எந்தச் சாவுக்குத் தாம் மகிழ்ந்தோம் என்பதையும் முதல் படத்தில் அதே சாவு தம்மை என்ன செய்தது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.